குறைமாதத்தில் பிறக்க உத்தேசித்திருக்கும் சிசுவுக்கு ஓர் அறிவிக்கை

மாண்புமிகு சிசுவே,

தாங்கள் 28-ஆவது வாரத்திலேயே வெளியே வர உத்தேசித்திருப்பதாக அறிகிறோம். தங்கள் அவசரம் புரிகிறது. தாயாருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே வேலை பார்த்திருக்கலாம். காரணம் எதுவாயினும், வருவதற்கு முன் இந்த அறிவிக்கையைக் கவனமாகப் படித்துக்கொள்ளவும். படிக்கத் தெரியாவிட்டால் தாயாரிடம் கொடுக்கவும். இந்த நாட்டில் தங்கள் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் நாங்கள் அவர் தலையில்தான் கட்டுகிறோம்.

முதலாவதாக, தாங்கள் ஏதோ அபூர்வப் பிறவி என்ற எண்ணம் வேண்டாம். 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறைவதற்குள் பிறந்தன. அவற்றில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. எதிலெதிலோ உலகின் முதலிடத்துக்கு ஆசைப்படும் நாம், ஆசைப்படாமலே பிடித்துவிட்ட முதலிடம் இது. ஆகவே வரிசையில் வரவும்.

எடை விஷயத்தில் ஓர் ஆலோசனை. 1,400 கிராம், 1,600 கிராம் என்று வந்து நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 600 கிராமுக்குக் கீழே வந்தால் பத்திரிகையாளர் சந்திப்பு உண்டு. பின்னால் பேனர், அதில் ‘மருத்துவ உலகில் ஒரு மைல்கல்’. நடுவில் மருத்துவமனைத் தலைவர். அவருக்கு இருபுறமும் இயக்குநர்கள். தலைவரின் கையில் கம்பளிக் குல்லாவோடு தாங்கள். ஓரத்தில், நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தங்கள் தாயார். அச்சில் வரும்போது இடம் போதாமல் அந்த ஓரத்தை வெட்டிவிடுவார்கள். நவம்பர் 17 உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம் என்பதால் அன்று தாங்கள் டிஸ்சார்ஜ் ஆகும்படி பார்த்துக்கொண்டால் ஊதா நிற பலூனும் கேக்கும் கூடுதல்.

தங்களைக் காப்பாற்றிய மருத்துவர்களின் திறமையில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. தங்கள் மூச்சு நின்று நின்று வந்த ராத்திரிகளில் கண் இமைக்காமல் நின்ற செவிலியரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் இரண்டு வருடம் கழித்து அதே குழந்தை உட்காருகிறதா, கண் தெரிகிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பார்க்க எந்தக் கேமராவும் வருவதில்லை. மருத்துவமனைக்குத் தங்கள் கதை பில் கட்டிய அன்றே சுபமாக முடிந்துவிடுகிறது.

வந்து சேர்ந்ததும் தங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்போம். தாயாரை வெளியே வைப்போம். கதவுக்கு அந்தப் பக்கம் நடைபாதையில் ஒரு பெஞ்ச் உண்டு. வயிற்றில் தையலோடு அவர் அதில் உட்காரலாம். இடம் இல்லையென்றால் தரை இருக்கிறது. பாடுபட்டுப் பீய்ச்சிய கொஞ்சம் பாலைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு கதவருகே வருவார். “அம்மா, தள்ளி நில்லுங்க. டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காங்க” என்பார் காவலாளி. கிண்ணம் உள்ளே போகும்; அவர் போக முடியாது. இன்ஃபெக்‌ஷன் வந்துவிடும். ஏ.சி. மெக்கானிக், பார்வையிட வரும் பிரமுகர், பிரமுகரோடு வரும் ஒன்பது பேர், அவர்களைப் படமெடுக்க வரும் இன்னும் மூன்று பேர் ஆகியோரிடம் கிருமி இருக்காது. பெற்றவளிடம் மட்டும்தான் இருக்கும்.

பெஞ்சுக்கு மேலே சுவரில் ‘கங்காரு முறைப் பராமரிப்பு’ என்று ஒரு வண்ணப் படம் ஒட்டியிருப்போம். படத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாய் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, மார்பின்மேல் குழந்தையைப் போட்டுப் புன்னகைத்துக்கொண்டிருப்பார். படத்துக்கு நேர் கீழே, தரையில், முந்தானையைத் தலைக்கு வைத்துத் தங்கள் தாயார் சுருண்டிருப்பார். இரண்டுக்கும் நடுவே நாலடி உயரம்தான்.

கங்காரு முறை நேற்று வந்தது அல்ல. 1978-இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் திண்டாடிய எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். பெட்டிக்கு மாற்றாக வந்த அம்மா பெட்டியைவிட நன்றாகவே வேலை செய்தார். 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என ஐந்து நாடுகளில் நடந்தது. உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல், பிறந்த உடனேயே தாயின் மார்போடு சேர்த்த குழந்தைகளில் முதல் 28 நாளில் இறந்தவை நூற்றுக்கு 12. வழக்கப்படி முதலில் பிரித்து வைத்துப் பிறகு சேர்த்தவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 16. ஆய்வின் இந்தியப் பகுதி நடந்தது டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில். ஆதாரத்தை நாமே உற்பத்தி செய்து உலகத்துக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்து வைக்க மறந்துவிட்டோம்.

அதற்கும் நாலு வருடம் முன்பே, 2017-இல், மத்திய சுகாதார அமைச்சகம் பெற்றோரைச் சிசு சிகிச்சைப் பிரிவுக்குள் வரவிட்டு, கை கழுவுவது முதல் பாலூட்டுவது வரை கற்றுத்தர வேண்டும் என்று வழிகாட்டி நூலே வெளியிட்டது. வழவழப்பான தாள். சில அரசு மருத்துவமனைகளில் அது நடக்கவும் செய்கிறது: சாய்வு நாற்காலி, தனி வார்டு, அம்மா களைத்துப்போனால் பாட்டிக்கும் அப்பாவுக்கும் முறை. அப்படி ஒரு வாசலில் தாங்கள் இறங்கினால் பாக்கியசாலி. எந்த வாசலில் இறங்குவீர்கள் என்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

இனி தங்கள் கண்கள். இந்த இடத்தில் அறிவிக்கையின் தோரணையைக் கழற்றி வைக்கிறேன். சிரித்துக்கொண்டே சொல்ல முடியாத விஷயம் இது.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் வளர்ந்து முடிந்திருக்காது. பிறந்தபின் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே பிய்த்துவிடலாம். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்தால் 30 நாளுக்குள் கண் மருத்துவர் பார்க்க வேண்டும். மிகவும் முன்னதாகப் பிறந்திருந்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே. தேவைப்பட்டால் உடனே லேசர் சிகிச்சை. அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் பார்வை போனது போனதுதான்.

1996-இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில், 29-ஆவது வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வாரக்கணக்கில் இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றினார்கள். கண்ணைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. தகப்பன் வழக்குப் போட்டார். அரசுத் தரப்பு பொறுப்பை மறுத்து வாதாடியது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் என்றது. உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் தரச் சொன்னது 2015 ஜூலை 1 அன்று. அந்தப் பெண்ணுக்கு அப்போது 18 வயது முடிந்து 19 நடந்துகொண்டிருந்தது. முதல் மாதத்தில் யாராவது அந்தத் தாயிடம், “கண் டாக்டர்கிட்ட காட்டிடும்மா” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வாக்கியத்தின் விலை ஒன்றே முக்கால் கோடியைத் தாண்டியது. அவ்வளவு விலை கொடுத்தும் அந்தப் பெண்ணுக்கு ஒரு விடியலைக்கூட வாங்கித் தர முடியவில்லை.

குடும்பத்தை மையமாக வைத்த சிகிச்சை என்று மாநாட்டு மேடைகளில் ஸ்லைடு போட்டுப் பேசுகிறார்களே, அதன் முதல் படி அந்த ஒரு வாக்கியம்தான். பெற்றவர்களிடம் சொல்வது. அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்வது.

இனிமேல் ‘தாங்கள்’ எல்லாம் வேண்டாம் கண்ணு. நீ என்றே கூப்பிடுகிறேன்.

உன்னை அனுப்பும்போது ஒரு தாள் தருவார்கள். முழுக்க ஆங்கிலம், அதிலும் பாதி சுருக்கெழுத்து. அதை மருந்துக்கடைக்காரரிடம் காட்டி, “இதுல என்னண்ணா போட்டிருக்கு?” என்று உன் அம்மா கேட்பாள். அவரும் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, “ஃபாலோ-அப் வரச் சொல்லியிருக்காங்கம்மா” என்பார். எங்கே, எப்போது, எதற்கு என்பது அந்தத் தாளை எழுதியவருக்கே வெளிச்சம்.

இதற்குள் ஊர் கூடிவிடும். ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்று கணக்குச் சொல்ல ஒருத்தி வருவாள். ஆறு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லையே என்று ஒருத்தி உச்சுக்கொட்டுவாள். பன்னிரண்டு வாரம் முந்திப் பிறந்த உனக்கு உண்மையில் மூன்று மாத வயதுதான், திருத்திய வயது என்று ஒன்று உண்டு என்று உன் அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே பதறக் கூடாத இடத்தில் அவள் பதறுவாள். பதற வேண்டிய இடத்தில், கால் விறைத்துக்கொண்டு ஒரு கை எப்போதும் மூடியே இருக்கும்போது, அப்பத்தா சமாதானம் சொல்லிவிடுவாள்: “அவங்க அப்பனும் ரெண்டு வயசுலதான் நடந்தான். சும்மா இரு.” தாய்மாமன் வாக்கர் வாங்கி வருவார், சக்கரம் வைத்தது, பாட்டுப் பாடுவது. நடப்பதற்கு அது ஒரு துளியும் உதவாது. கவிழ்ந்து மண்டை உடைய உதவும்.

உனக்கு மூன்று மாதம், திருத்திய கணக்கில், ஆகும்போது உன்னை மல்லாக்கப் படுக்க வைத்து, கிலுகிலுப்பையும் கொஞ்சலும் இல்லாமல், சில நிமிடம் உன் கைகால் அசைவை வீடியோ எடுத்தால் போதும். பயிற்சி பெற்ற கண் அதைப் பார்த்துச் சொல்லிவிடும், மூளைவாத ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று. ஹைன்ஸ் பிரெக்டல் என்ற ஆஸ்திரிய மருத்துவர் உருவாக்கிய முறை. நரம்பியல் பரிசோதனையும் ஸ்கேனும் சேர்ந்தால் ஐந்து மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம் என்று 2017-லேயே உலக நிபுணர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். ரீல்ஸுக்கு உன்னைக் கிருஷ்ணர் வேஷத்தில் நூறு வீடியோ எடுக்கப் போகிற நாட்டில், இந்த ஒரு வீடியோவைப் பார்த்துச் சொல்ல மாவட்டத்துக்கு ஓர் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஆனால் திட்டம் இருக்கிறது. அதில் குறை சொல்ல முடியாது. 2013-இல் தேசிய சிறார் நலத் திட்டம் வந்தது. மாவட்டந்தோறும் ஆரம்பகட்ட இடையீட்டுச் சேவை மையம். பிசியோ, பேச்சுப் பயிற்சி, காது, கண், உளவியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். கூரை மாவட்டத் தலைநகரில்.

வால்பாறையில் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டில் நீ பிறந்திருக்கிறாய் என்று வைத்துக்கொள். உன் மாவட்டத் தலைநகர் கோவை. பொள்ளாச்சிக்கு இறங்கவே 40 கொண்டை ஊசி வளைவு. அதற்கப்புறம் கோவை. போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம், நடுவில் வரிசை, அரை மணி நேரப் பயிற்சி. கிளம்பும் நாளெல்லாம் உன் அம்மாவுக்குக் கூலி கிடையாது. வளைவுக்கு வளைவு நீ வாந்தியெடுப்பாய். முதல் மாதம் நாலு முறை போவாள். இரண்டாம் மாதம் இரண்டு முறை. மூன்றாம் மாதம் மழை. அதன்பின் போகமாட்டாள். அன்று உன் கோப்பில் யாரோ ஒருவர் அழகான கையெழுத்தில் எழுதுவார்: ‘தாயின் ஒத்துழைப்பு போதவில்லை.’

நாற்பது வளைவின் ஒத்துழைப்பைப் பற்றி எழுத அந்தக் கோப்பில் கட்டம் இல்லை. ஒப்பந்தச் சம்பளத்தில் வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் அந்தச் சம்பளம் கட்டுப்படியாகாமல் வேலையை விட்டுப்போனால், அதை எழுதவும் கட்டம் இல்லை. எல்லோரும் ஒத்துழைத்தார்கள், பெற்றவள்தான் தவறிவிட்டாள். இதை எழுதியவரின் வீட்டுக்கு முன்னால் போய்க் கத்த வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

காசிருந்தால் தனியார் மையம் இருக்கிறது. நகரத்தில் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கிறது. சுவரெல்லாம் யானைப் படம், பேக்கேஜ் விலைப்பட்டியல், மூன்று மாதம் மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. வாசலில் செருப்பையும் அம்மாவையும் விட்டுவிட வேண்டும். உள்ளே 45 நிமிடம் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நீ அழும் சத்தம் மட்டும் கேட்கும். “குழந்தை கோஆபரேட் பண்ணலை மேடம், இன்னும் ஒரு பேக்கேஜ் போடணும்” என்பார்கள் வெளியே வந்து. இன்சூரன்ஸ் கம்பெனியோ நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால்தான் பணம் தரும். எழுந்து நடக்கப் பழகுவதற்குத் தராது.

கணக்குப் போட்டுப் பார். வாரத்துக்கு 168 மணி நேரம். தெரபி இரண்டு முறை, மொத்தம் ஒன்றரை மணி. மீதி 166½ மணி நேரம் நீ யாரோடு இருக்கிறாய்? குளிப்பாட்டுகிறவளோடு, சட்டை மாட்டுகிறவளோடு, ஊட்டுகிறவளோடு. நெதர்லாந்தில் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் மெய்னா ஹாடர்ஸ்-அல்க்ராவும் அவரோடு பணியாற்றியவர்களும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் முறையில் தெரபிஸ்ட் குழந்தையைப் பிடித்து இழுத்து மடக்குவதில்லை. வீட்டில் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார், கேட்பார், பெற்றோர் தாங்களே வழி கண்டுபிடிக்கத் துணையிருப்பார். எது முக்கியம் என்று முடிவெடுப்பது குடும்பம். காலை நீட்டிப்போட்டு அதில் உன்னைக் கிடத்திக் குளிப்பாட்டும் ஆச்சி, தன்னை அறியாமல் பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். எந்தப் பாதி சரி, எந்தப் பாதி ஆபத்து என்று அவள் அருகில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான். அவளைப் பட்டிக்காடு என்று விரட்டிவிட்டு யானைப் படம் போட்ட அறைக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் மந்திரம் என்று நான் சொல்லவரவில்லை. டிஸ்சார்ஜுக்குப் பிறகு தொடங்கும் இடையீடுகள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சலித்த காக்ரேன் அறிக்கை சொல்வது அடக்கமானது: சிறு வயதில் அறிவு வளர்ச்சிக்குப் பலன் இருக்கிறது, உடல் இயக்கத்தில் பலன் கொஞ்சம்தான், பள்ளி வயதில் வித்தியாசம் மங்கிவிடுகிறது. விளம்பரப் பலகையில் ‘100% குணம்’ என்று போடுகிறவர்கள் இந்த அறிக்கையைச் சட்டம் போட்டுப் பக்கத்தில் மாட்டட்டும்.

அரசின் இன்னொரு வாசல் உனக்காகத் திறந்திருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி முக்கியச் சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் பாதிப்பு இருக்க வேண்டும். இப்போது உனக்கு இருப்பது வெறும் ஆபத்து மட்டும். ஆபத்துக்குச் சான்றிதழ் இல்லை. வளர்ந்து, விறைத்து, 40-ஐத் தொட்டபின் வா. முத்திரை குத்தித் தருகிறோம்.

செய்ய முடியாதது ஒன்றும் இல்லை. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் செய்துகொண்டிருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விபத்துக்குள்ளாகிக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குழந்தையின் நிலையைச் செல்பேசிச் செயலியில் அவர்கள் பதிய, தெரபிஸ்டுகள் வழிகாட்டுகிறார்கள். இலக்கைப் பெற்றோரே சேர்ந்து வைக்கிறார்கள். உலக வங்கியின் அறிக்கையில் வந்த கற்பனை அல்ல இது; சேறும் சகதியுமான தெருக்களில் நடக்கிற காரியம். தெரியாது, ஆள் இல்லை, நம் நாட்டுக்கு ஒத்துவராது என்று இனி எந்த அதிகாரியும் வாய் திறக்க முடியாது.

ஆனால் வீட்டுக்கு ஆள் வந்தாலும் வீட்டில் யார் இருப்பார்கள்? அதையும் சட்டம் தீர்மானித்துவிட்டது. தமிழக அரசு ஊழியரின் பிள்ளையாகப் பிறந்தால் அம்மாவுக்கு 12 மாத விடுப்பு, வாழ்த்துகள். கம்பெனிப் பணியாளர் என்றால் 26 வாரம். நீ மூன்று மாதம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தால் பாதி அங்கேயே தீர்ந்துவிடும், நீ வீட்டுக்கு வந்து கழுத்து நிற்கும் முன்பே அவள் ஆபீசுக்குக் கிளம்ப வேண்டும். கட்டட வேலை, வீட்டு வேலை, பீடி சுற்றுகிறவள் என்றால் நடைமுறையில் அந்தப் பேச்சே இல்லை. 1961-ஆம் ஆண்டின் பேறுகால நலச் சட்டத்தில் ‘குறைமாதப் பிரசவம்’ என்ற சொல் ஓரிடத்தில் வந்தது: அதனால் தாய்க்கு நோய் வந்தால் ஒரு மாதம் கூடுதல் விடுப்பு. குழந்தை வென்டிலேட்டரில் கிடந்தால்? சட்டத்துக்குக் கேட்கவில்லை. 2020-இல் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு எழுதியபோது, 59 வருடத்துப் பழைய அந்த வரியை அப்படியே பெயர்த்து ஒட்டினார்கள். பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல், சிசு சிகிச்சைப் பிரிவில் குழந்தை இருக்கும் தாய் தகப்பன் இருவருக்கும் 12 வாரம் வரை தனி விடுப்பு உண்டு.

நாடாளுமன்ற உறுப்பினர்களே, அந்த வரியில் ‘குழந்தை மருத்துவமனையில் இருந்தால்’ என்று சேர்க்க உங்களுக்கு ஒரு பேனா போதும். அப்பாவுக்கும் சேர்த்து எழுதுங்கள். மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு இன்று 15 நாள் இருக்கிறது. தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் தகப்பனுக்கு இந்தியச் சட்டம் தரும் விடுப்பு பூஜ்ஜியம் நாள்.